பூட்டிய பாடங்களும் சங்கத்துக் கணினியும்

நமது சங்கத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பைப் பற்றி வாசக அன்பர்கள் நன்கு அறிவர். நாக்பூரில் பிறந்து, தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் பயிலும் நம் குழந்தைகள், வாரத்தில் ஒன்றரை மணி நேரமேனும் தம் பாட்டன் பாட்டியரின் மொழியில் அமர்ந்திருக்க வேண்டும் என்னும் ஆவலால் எழுந்தது அவ்வகுப்பு. சென்ற ஆண்டு ஆனித் திங்களில் அதற்கென வாங்கிய படப்பாடங்கள் ஏழு மாத காலம் ஏன் பயன்படாமல் கிடந்தன என்று அன்பர்கள் பலர் நம்மிடம் வினவியுள்ளனர். பணம் கொடுத்தவர்க்குக் கணக்குக் காட்டுவது கடமை. அன்றியும், சங்கத்தில் நேர்ந்தது நாளை எந்த வீட்டிலும் நேரக்கூடியது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்குக் கணினி நுட்பம் பழகிய துறையன்று. இந்த ஏழு மாதங்களில் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றையே கூறுகிறோம்.

நடந்தது இதுதான். 24 குடும்பத்தார், குடும்பத்திற்கு 200 ரூபாய் வீதம் 4,800 ரூபாய் திரட்டிச் சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்திடம் 36 படப்பாடங்களை வாங்கினோம். உயிரெழுத்தில் தொடங்கிச் சிறு கதைகள் வரையில் அவற்றில் உண்டு. சங்க வகுப்பில் காட்டலாம் என்னும் அனுமதி ரசீதிலேயே எழுதப்பட்டிருந்தது. பாடங்கள் அனைத்தும் சுண்டுவிரல் அளவுள்ள ஒரு பென் டிரைவில் வந்து சேர்ந்தன.

சங்கத்துக் கணினியோ மிகப் பழையது. ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் ஊருக்குப் புறப்படுகையில் கொடுத்துச் சென்றது. புதிய விண்டோஸைத் தாங்கும் வலு அதற்கும் இல்லை. விலை கொடுத்து வாங்கும் வலு சங்கத்திற்கும் இல்லை. ஆகவே இளைஞர் ஒருவர் அதில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவித் தந்திருந்தார். இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருள். லினக்ஸ், இலவசம் என்பதால் இளப்பமானதன்று. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதனை, இன்று உலகெங்கும் பெரிய நிறுவனங்களே நம்பிப் பயன்படுத்துகின்றன. சென்னையில் இயங்கும் சி-டாக் என்னும் அரசு ஆய்வு மையமும் 2007-இல் 'பாஸ்' என்ற பெயரில் அதன் ஒரு வகையை வெளியிட்டது. நமது கணினியில் கணக்கும் கடிதமும் அதனால்தான் ஒழுங்காக நடந்து வந்தன.

முதல் ஞாயிறன்று 19 குழந்தைகள் தரையில் அமர்ந்திருக்க, ஆசிரியை அம்மையார் பொத்தானை அழுத்தினார். திரை கறுத்தது. இக்கோப்பிற்கு உரிமம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றியது, அவ்வளவே. கால் மணி நேரம் காத்திருந்தபின் அம்மையார் வழக்கம்போல் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தார்.

அடுத்த வாரம் உறுப்பினர் ஒருவர் தமது விண்டோஸ் மடிக்கணினியைக் கொணர்ந்தார். அதில் பாடங்கள் ஓடின. குழந்தைகள் கைகொட்டி மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி இரண்டு ஞாயிறுகளே நீடித்தது. மூன்றாம் வாரம் அவ்வன்பருக்கு ராய்ப்பூருக்கு மாற்றல் வந்தது. ரயில்வே குடும்பத்தார்க்கு இது புதிதன்று. ஆனால் அவரோடு நமது பாடங்களும் மாற்றலாகிவிட்டன என்பது பிறகே தெரிந்தது. முதலில் ஓடிய ஒரு கணினிக்கே அவற்றின் உரிமம் கட்டுப்பட்டதாம்! வேறொருவர் கொண்டுவந்த விண்டோஸ் கணினியும், முன்னர் லினக்ஸ் கணினி மறுத்தது போலவே மறுத்துவிட்டது.

பாதையும் முத்திரையும்

ஒரு படக்கோப்பு ஒரு கணினியில் ஓடாமைக்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் ஒன்றென்று மயங்குவோர் பலர். நாமும் அவ்வாறே மயங்கினோம்.

முதற் காரணம் வடிவ வேறுபாடு. இத்வாரி நிலையத்தில் குறுகிய பாதை வண்டிகள் வந்துபோன காலம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். அப்பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர். அகலப்பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆயினும் சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்றிவிட்டால் அது போய்ச் சேரும். படக்கோப்புகளும் பல வடிவங்களில் அமைகின்றன. இவ்வகைத் தடையை நல்ல மென்பொருள் எளிதில் நீக்கிவிடும். பாரிஸ் நகர்க் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய பணியிலிருந்து பிறந்த வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருள் ஏறக்குறைய எல்லா வடிவங்களையும் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓட்டிக் காட்டுகிறது.

இரண்டாம் காரணம் பூட்டு. இது பாதையின் அகலம் பற்றியதன்று. வேகன் கதவில் இட்ட முத்திரையைப் போன்றது. படத்தை ரகசியக் குறியீடாக மாற்றி, அதைத் திறக்கும் சாவியைத் தாம் ஒப்புக்கொண்ட மென்பொருளுக்கு மட்டும் வழங்குவர். அம்மென்பொருள் சாவியை ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உடன்படிக்கை. இங்கேதான் லினக்ஸ் போன்ற திறந்த அமைப்புக்கு இடர் வருகிறது. திறந்த மென்பொருளின் உள்ளமைப்பை எவரும் படித்துப் பார்க்கலாம்; அதுவே அதன் அறம். எல்லார் கண்ணிலும் படும்படி விரித்து வைத்த ஏட்டில் ரகசியச் சாவியை எங்ஙனம் ஒளிப்பது? ஆதலின் பூட்டுச் செய்வோர் அதற்குச் சாவி தரத் தயங்கினர். லினக்ஸில் பார்ப்போர் தொகையும் குறைவாதலின், அவர்க்கெனத் தனியே மென்பொருள் செய்யவும் பலர் முன்வரவில்லை.

நார்வே நாட்டில் எழுந்த வழக்கு

இவ்விடர் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. டிவிடி வட்டுகள் வந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. ஜப்பானில் 1996-இலும் அமெரிக்காவில் 1997-இலும் விற்பனைக்கு வந்த அவ்வட்டுகளில் பெரும்பாலான திரைப்படங்கள் பூட்டோடு வந்தன. அத்துடன் உலகத்தை ஆறு மண்டலங்களாகவும் பிரித்தனர். அமெரிக்கா 1-ஆம் மண்டலம். சிங்கப்பூரும் மலேசியாவும் 3-ஆம் மண்டலம். நமது இந்தியா 5-ஆம் மண்டலம். 3-ஆம் மண்டலக் குறியோடு சிங்கப்பூரிலிருந்து உறவினர் அன்புடன் அனுப்பிய வட்டை இங்குள்ள கருவி ஏற்க மறுத்த அனுபவம் நம் வீடுகள் சிலவற்றில் உண்டு.

லினக்ஸ் வைத்திருந்தோர் கடையில் விலை கொடுத்து வாங்கிய வட்டைத் தம் கணினியில் பார்க்க முறையான வழி அந்நாளில் இல்லை. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில், நார்வே நாட்டைச் சேர்ந்த ஜான் லெக் யோஹான்சன் என்னும் 15 வயதுச் சிறுவன், வேறு இருவருடன் சேர்ந்து உருவாக்கிய டி.சி.எஸ்.எஸ். என்னும் சிறு மென்பொருளை வெளியிட்டான். அது டிவிடியின் பூட்டைத் திறந்தது. திரைப்பட நிறுவனங்களின் தரப்பினர் முறையிட, 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் காவல் துறையினர் அவனது வீட்டைச் சோதனையிட்டனர். தான் வாங்கிய வட்டுகளை லினக்ஸில் பார்க்க வழி காண்பதே நோக்கம் என்பது அவனது வாதம்.

ஒரே செயலை இரு நாட்டு நீதிமன்றங்கள் இரு விதமாக நோக்கின. 1998-இல் இயற்றிய புதிய சட்டம் ஒன்று அமெரிக்காவில் பூட்டைத் திறக்கும் கருவிகளைப் பரப்புவதையே தடுத்திருந்தது. அச்சட்டப்படி, 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அம்மென்பொருளை வெளியிடலாகாது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒரு பத்திரிகைக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. நார்வேயிலோ 2003-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் ஓஸ்லோ நீதிமன்றம் யோஹான்சனைக் குற்றமற்றவர் என விடுவித்தது. முறைப்படி விலை கொடுத்து வாங்கிய வட்டைத் திறந்து பார்ப்பது, பிறர் வீட்டுக் கதவை உடைப்பது ஆகாது என்பதே அதன் சாரம். அவ்வாண்டு டிசம்பரில் மேல் நீதிமன்றமும் அத்தீர்ப்பையே நிலைநாட்டியது.

நமது நாட்டுச் சட்டம் கூறுவது

இவ்விவரங்களை நாம் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் நமது வகுப்பு மாணவன் ஒருவன். பத்தாம் வகுப்பில் பயிலும் அவன் ஒருநாள் நம்மிடம் வந்து, "மாமா, அந்தப் பூட்டை எடுத்துவிட வழி இருக்கிறது; இரண்டு நாள் கொடுங்கள், நான் செய்து தருகிறேன்" என்றான். செய்தி செயற்குழுவுக்குச் சென்றது. அங்கே கருத்து இரண்டுபட்டது. ஓய்வுபெற்ற கார்டு ஒருவர், "முப்பத்தைந்து ஆண்டு சரக்கு வண்டியோடு சென்றவன் நான், முத்திரையை உடைப்பவனுக்குத் திருடன் என்பதே பெயர்" என்றார். ஒரு தாயார் எழுந்து, "ஐயா, காசு கொடுத்து வாங்கிய பாடத்தை என் பிள்ளை பார்ப்பது எப்படித் திருட்டாகும்?" என்று கேட்டார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. முடிவு காணாமலே கூட்டம் கலைந்தது.

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2012-இல் அதனைத் திருத்தியபோது 65-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தனர். பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டைத் திறப்பவர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது அப்பிரிவு. "மீறும் எண்ணத்தோடு" என்னும் சொற்களை அன்பர்கள் கவனிக்க வேண்டும். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒரு காரியத்தின் பொருட்டுத் திறப்பதை அப்பிரிவு தடுக்காது என்றும் அதிலேயே கூறப்பட்டுள்ளது. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு: அவ்வாறு பிறருக்குத் திறக்க உதவுகிறவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

அப்பகுதியைப் படித்தபோது நமது அலுவலகமே கண்முன் வந்தது. வேகனின் முத்திரையை ஊழியர் முன்னிலையில் முறைப்படி திறந்து, ரயில்வே ரசீதை நீட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சரக்கை எடுப்பவர் உரிமையாளர். இருட்டில் அதே முத்திரையை அறுப்பவன் திருடன். கை செய்யும் செயல் ஒன்றே. ரசீதும் நோக்கமும் பதிவேடுமே இருவரையும் பிரிக்கின்றன.

எனினும் சிறுவனை அவ்வேலையில் இறக்க நமக்கு மனம் ஒப்பவில்லை. சட்டம் இடந்தருவது போல் தோன்றினாலும், அதனை உரைத்துப் பார்க்கும் பொறுப்பைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுதல் முறையன்று. ரசீது நம் கையில் இருக்கும்போது முதலில் கதவைத் தட்டிக் கேட்பதே தக்கது என்று செயற்குழு முடிவு செய்தது.

கேட்டதும் கிடைத்ததும்

முதற் கடிதத்திற்கு, தங்கள் கணினி பொருத்தமானதன்று என்னும் ஒற்றை வரி மறுமொழியே வந்தது. இரண்டாவது கடிதத்தை அம்மாணவனையே தமிழில் எழுதச் சொன்னோம். வகுப்பிற்கு வந்து எழுத்தறிந்த பிள்ளை அவன். மூன்று பிழைகளோடு ஒரு பக்கம் எழுதினான். பிழைகளைத் திருத்தாமல், ரசீதின் நகலையும் வகுப்பின் வருகைப் பட்டியலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்தாம் நாள் அந்நிறுவனத்தை நடத்தும் அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார்.

அவர் கூறியதையும் இங்கே எழுதுவது நேர்மை. முதலில் அவர்கள் பூட்டில்லாமலே ஒரு தொகுப்பு வெளியிட்டனராம். ஒரே மாதத்தில் அது கைக்குக் கை நகலாகிப் பரவிவிட்டது, விற்பனை நின்றது, படம் வரைந்தவருக்குப் பேசிய கூலியை முழுமையாகக் கொடுக்க இயலவில்லை. அதன்பின் வேறொரு நிறுவனத்திடம் பூட்டு முறையை விலைக்கு வாங்கினர். "சாவி எங்களிடமே இல்லை, ஐயா, அவர்கள் கணினியில் இருக்கிறது" என்று அவர் சொன்னபோது நாம் திகைத்துப் போனோம். விற்றவர் கையிலும் இல்லாத சாவியை வாங்கியவர் எங்கே தேடுவது!

முடிவில், தமக்கே முழு உரிமையுள்ள 22 பாடங்களைப் பூட்டின்றிச் சாதாரண வடிவில் அனுப்பி வைத்தார். எஞ்சிய 14 பாடங்களின் இசைக்கு உரியவர்களோடு வேறு உடன்படிக்கை இருந்தமையால், அவற்றுக்குரிய 1,867 ரூபாயைத் திருப்பித் தந்தார். நகல் எவர்க்கும் கொடுப்பதில்லை என்று சங்கம் எழுத்தில் உறுதி அளித்துள்ளது. அவ்வுறுதியைக் காப்பது உறுப்பினர் அனைவரின் பொறுப்பு. திரும்பி வந்த தொகைக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கியுள்ளோம்.

தை மாதத்து முதல் ஞாயிறன்று அப்பாடங்கள் சங்கத்தின் பழைய கணினியில், லினக்ஸிலேயே, தடையின்றி ஓடின. ஆயினும் இடைப்பட்ட மாதங்களில் 19 குழந்தைகளாக இருந்த வகுப்பு 11 ஆகக் குறைந்திருந்தது. இன்று 16 பேர் வருகின்றனர். மற்ற மூவரின் பெற்றோரும் இவ்வரிகளைப் படிப்பார்களாயின், குழந்தைகளை மீண்டும் அனுப்புமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இவ்வளவும் கற்பித்த பாடம் ஒன்றுதான். பூட்டோடு வரும் படத்தை வாங்கும்போது நாம் பொருளை வாங்குவதில்லை, அனுமதியை வாங்குகிறோம். புத்தகம் வாங்கினால் அது நம் அலமாரியில் இருக்கும். அனுமதியோ கொடுத்தவர் கையில் இருக்கும். கூகுள் நிறுவனம் தனது காணொளிக் கடையை 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மூடியபோது, அங்கே 'சொந்தமாக' வாங்கிய படங்களும் ஓடாமற்போகும் என்று அறிவித்தது. வாங்கியோர் குறை கூறிய பின்னரே பணத்தை முழுமையாகத் திருப்பித் தர முன்வந்தது. பெரிய நிறுவனத்திடமே இவ்வாறெனின், சிறிய நிறுவனத்திடம் வாங்குவோர் முன்னதாகவே கேட்டறிதல் நன்று.

ஆகவே விலை கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தெந்த இயங்குதளத்தில் ஓடும்? இணையத் தொடர்பு இல்லாதபோதும் ஓடுமா? கணினி பழுதானாலோ, மாற்றலில் வேறு ஊர் சென்றாலோ உரிமத்தை மாற்றித் தருவார்களா? நிறுவனம் மூடப்பட்டால் பாடங்களின் கதி என்ன? விடைகளை எழுத்தில் பெற்று ரசீதோடு வையுங்கள்.

இணையத்தின் வழியே படம் பார்ப்போர்க்கு நிலைமை ஓரளவு சீரடைந்துள்ளது. 2014-ஆம் ஆண்டிலிருந்து லினக்ஸில் குரோம் உலாவியின் வழியாக நெட்பிளிக்ஸ் ஓடுகிறது. 2016-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியும் லினக்ஸில் இவ்வகைப் பூட்டுகளைத் திறக்கும் வசதியைப் பெற்றது. ஆயினும் சில சேவைகள் லினக்ஸ் கணினிக்குத் தெளிவு குறைந்த படத்தையே அனுப்புகின்றன. சந்தா செலுத்துமுன் ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பது நன்று.

நம் வீட்டுத் திருமணம், காதணி விழா முதலியவற்றைப் படம் பிடிப்போரிடம், எம்.பி.4 போன்ற பொது வடிவில், பூட்டின்றித் தருமாறு முன்பே சொல்லி வையுங்கள். ஊர்விட்டு ஊர் செல்லும் நமக்கு, ஊரில் இருக்கும் பெரியவர்களின் முகமும் குரலும் அப்படங்களிலேதான் கிடைக்கின்றன. அவற்றின் சாவி பிறர் கையில் இருத்தல் ஆகாது.

இறுதியாக ஒன்று. பூட்டில்லாமல் ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்தால், அந்நம்பிக்கையைக் காப்பாற்றுவோம். நண்பர் கேட்டார், உறவினர் கேட்டார் என்று நகல் எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு கையும் அடுத்த தொகுப்பிற்குப் பூட்டுச் செய்கின்ற கையாகும். விலை கொடுத்து வாங்குவோம். வாங்கியதைப் பார்க்கும் உரிமையைத் துணிந்து கேட்போம். பாடங்கள் ஓடுகின்றன, குழந்தைகள் காத்திருக்கின்றனர். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வகுப்பு.